பாலைவனத்துக்குப் போன உன் வாவி

இன்று காலை வீட்டு இரும்புக் கேற்றுக்குப் பெயின்ற் அடிக்க ஒருவர் வந்திருந்தார். வேலை முடிந்ததும் ஒரு பால்மாத் தகரப் பேணியில் மண்ணெண்ணெய் விட்டுத் தூரிகையைக் கழுவினார். அந்த மணம் முற்றத்தைக் கடந்து குசினிக்குள் வந்தபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கை தண்ணீருக்குள் அப்படியே நின்றுவிட்டது.

உன் கைகளின் மணம் அது, சிநேகிதி. கல்யாண வீட்டில்கூட உன் பக்கத்தில் நின்றால் சந்தனத்தையும் பூவையும் தாண்டி அதுதான் அடிக்கும். "ஒரு நாளைக்காவது சவர்க்காரம் போட்டுக் கழுவன் கா" என்று நான் ஏசுவேன். "கழுவித்தான் வந்தன். போகுதில்ல. தோலே இப்ப இப்படித்தான்" என்று கையை என் மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்து சிரிப்பாய்.

இத்தனை வருடங்களாக உனக்கு நான் ஒரு வரியும் எழுதவில்லை. உன் கடைசிக் கடிதத்துக்கு நான் போட்ட பதில் உன் கையில் சேரவில்லை. அதற்குப் பிறகு உன்னை நினைத்துப் பேனையை எடுத்தாலே அந்தப் பதிலில் எழுதியதுதான் முன்னால் வந்து நிற்கும். கூசிப்போய் வைத்துவிடுவேன். இன்று கூச்சத்தோடே எழுதுகிறேன்.

நாவற்குடாவில் ஒரே பாடசாலையில் நாம் படிப்பித்தோம். நீ சித்திரம், நான் ஆங்கிலம். போர் நடந்துகொண்டிருந்த வருடங்கள். காலையில் இடாப்புக் கூப்பிடும்போது ஒரு பெயருக்குப் பதில் வராவிட்டால் நிமிர்ந்து பார்க்க மாட்டோம். அடுத்த பெயருக்குப் போய்விடுவோம். அப்படி ஒரு பழக்கம் நம் எல்லோருக்கும் வந்திருந்தது. உனக்கு மட்டும் வரவில்லை. நீ இடாப்பை மூடிவிட்டு, "ஆருக்காவது தெரியுமா புள்ளைகள், ஏன் வரல்ல?" என்று கேட்பாய். அன்று பின்னேரம் நீ அந்தப் பிள்ளையின் வீட்டு வாசலில் நிற்பாய்.

நீ வாவியை மட்டுமே வரைந்தாய். காலை வாவி, மாரி வாவி, பாலத்தின் கீழே கறுத்துக் கிடக்கிற வாவி, மேற்கே மறுகரையான படுவான்கரை ஒரு கோடாகத் தெரிகிற வாவி. வரைவதற்கென்று நல்ல துணி கிடைக்காது. நிவாரண மாச் சாக்கைப் பிரித்துத் துவைத்து மரச்சட்டத்தில் இழுத்து ஆணி அடிப்பாய். நிறம், தோணிகளுக்குப் பூசுகிற பெயின்றின் மிச்சம். காத்தான்குடியில் ஒரு இரும்புக் கடைக்காரர் அடியில் கிடப்பதையெல்லாம் உனக்கென்று ஒதுக்கி வைப்பார். "டீச்சர், நீலம் கொஞ்சம் கெடக்கு. பச்சைதான் காஞ்சி போயிட்டு" என்பார். மண்ணெண்ணெய் கூப்பனுக்குத்தான் கிடைக்கும். நீ பின்னேரத்தில் விளக்கை ஏற்றாமல் இருந்து, மிச்சம் பிடித்த எண்ணெயில் தூரிகை கழுவுவாய். உன் அம்மா இருட்டுக்குள் இருந்து ஏசுவார்.

உன் படங்களில் ஆட்கள் இருந்ததேயில்லை. ஒரு தோணிக்காரன்கூட இல்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"ஆக்களைக் கீறினா, மறுகா அவங்க எங்க எண்டு கேப்பாங்க" என்றாய்.

அந்த அழைப்பு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். நிவாரண வேலைக்காக வந்திருந்த வெள்ளைக்காரப் பெண்ணொருத்தி நம் பாடசாலையில் உன் படங்களைக் கண்டு புகைப்படம் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். எட்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. ஆசிரியர் அறையில் நான் வாசித்து வாசித்துத் தமிழில் சொல்ல, நீ சோக் தூசி படிந்த கையோடு கேட்டுக்கொண்டிருந்தாய். அமெரிக்காவில், மெக்சிகோ எல்லைக்குச் சமீபமாக, பாலைவனத்தின் நடுவில் ஒரு சின்ன ஊர். பெரிய நகரங்களை விட்டு ஓவியர்களும் சிற்பிகளும் அங்கே வந்து குடியேறியிருக்கிறார்கள். படங்களோடு வந்து இரண்டு மாதம் தங்கியிருக்க முடியுமா, பேச்சுத் துணைக்கு ஒருவரையும் அழைத்து வரலாம், போகவர ஆகும் செலவை அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்தது.

நீ நம்பவில்லை. "மழையில்லாத ஊருக்கு, படம் கீறுறதுக்கெண்டு மட்டும் ஆக்கள் போய் இரிக்காங்களா? ஆரும் துரத்தாம? அவங்களாகவே போனதா?"

"அவங்களாகவேதான்" என்றேன்.

"அதைப் பாக்கோணும் கா" என்றாய். ஒரு ஊரைவிட்டு இன்னோர் ஊருக்கு மனிதர்கள் விரும்பிப் போவார்கள் என்பது அப்போது நமக்கு அவ்வளவு பெரிய அதிசயமாக இருந்தது.

கடவுச்சீட்டுக்கும் விசாவுக்குமாக மூன்று முறை கொழும்புக்குப் போய்வந்தோம். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி, நடந்து, பையைக் கொட்டிக் காட்டி, திரும்ப ஏறினோம். விசாக் கந்தோரில் உன்னிடம் "திரும்பி வருவாய் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார்கள். நான் மொழிபெயர்த்தேன். நீ யோசிக்கவே இல்லை. "அம்மாவும் அண்ணனும் இரிக்காங்க. வேறென்ன ஆதாரம் வேணும் எண்டு கேள்" என்றாய். அதை நான் கொஞ்சம் பணிவாக்கிச் சொன்னேன். கிடைத்துவிட்டது.

புறப்படுவதற்கு நான்கு நாள் இருக்கையில் இராணுவத்தின் சுற்றிவளைப்பு நடந்தது. ஊர் ஆண்களையெல்லாம் பாடசாலை மைதானத்தில் வரிசையாக இருத்தினார்கள். முகத்தை மூடிய ஒருவன் ஜீப்புக்குள் இருந்தான். அவன் தலையாட்டினால் பிடித்துக்கொண்டு போவார்கள். சந்தியில் சைக்கிள் திருத்துகிற உன் அண்ணனுக்கு முன்னால் அவன் தலையாட்டினான். கைகளில் கிறீசோடு அவரை ஏற்றினார்கள். நீ வேலிக்கு வெளியே நின்று பார்த்தாய். உன் சித்திர வகுப்பு ஜன்னலுக்கு நேர் எதிரே அது நடந்தது.

நீ இப்போதைக்கு வரமாட்டேன் என்றாய். நானும் போகவில்லை என்று சொன்னேன். உண்மையாகத்தான் சொன்னேன். ஆனால் இவ்வளவு காலம் கழித்து உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? சொல்லும்போதே, நீ என்னைப் போகச் சொல்லமாட்டாயா என்று உள்ளே ஒரு மூலை ஏங்கிக்கொண்டிருந்தது.

பஸ் நிலையத்துக்குப் படங்களைப் பாயில் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தாய். பதினான்கு படங்கள். சட்டத்திலிருந்து கழற்றிய துணிகள். அண்ணனைக் கொண்டுபோன இராணுவ முகாமின் வாசலில் நின்றுவிட்டு நேரே வந்திருந்தாய். வெயிலில் முகம் கறுத்திருந்தது.

"நீ போ. அண்ணன் ஒரு கிழமையில வந்திருவார். நான் பின்னால வாறன்."

"உன்னை விட்டிட்டு நான் போய் அங்க என்ன செய்யிறது? எனக்குப் படத்தைப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்டும் தெரியத் தேவையில்ல. கேட்டா, பாக்கச் சொல்லு. நல்லாப் பாக்கச் சொல்லு. அவ்வளவுதான்." பிறகு என் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாய். "செல்வி, அங்க நல்லா நித்திரை கொள்ளு. உன்ட கண்ணைப் பார், ரெண்டு குழியா இரிக்கி."

பஸ் கிளம்பியபோது நீ கையசைக்கவில்லை. முகாம் பக்கம் போகிற றோட்டில் ஏற்கெனவே திரும்பி நடந்துகொண்டிருந்தாய்.

அந்த ஊரை உனக்குச் சரியாக நான் ஒருபோதும் சொல்லவில்லை. கடிதங்களில் வேடிக்கையாக எழுதினேனே தவிர, உள்ளதை எழுதவில்லை. கடைசி விமான நிலையத்திலிருந்து காரில் மூன்று மணித்தியாலம். வழியில் ஒரு மரமும் இல்லை. மஞ்சள் புல்லும் முட்கம்பியும் வானமும்தான். ஊர் என்றால் ஒரு பெரிய தெரு, உயரமான ஒரு தண்ணீர்த் தாங்கி, ஊரை நடுவால் வெட்டிக்கொண்டு ஒரு ரயில் பாதை. ரயில் ஊதிக்கொண்டு போகும், நிற்காது. பழைய மளிகைக் கடைக்குள், மூடிப்போன வங்கிக்குள், கம்பளிக் கிடங்குக்குள் எல்லாம் படங்களும் சிலைகளும் இருந்தன. வெறும் தகரப் பெட்டிகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள்; அதைப் பார்க்க ஆயிரம் மைல் தாண்டி ஆட்கள் வருகிறார்கள். சாயங்காலம் மாடு மேய்ப்பவர்களும் ஓவியர்களும் ஒரே கடையில் கோப்பி குடிப்பார்கள். பகலில் தெருவில் ஒரு மனிதர் வருவதற்குக் கால்மணி நேரம் காத்திருக்க வேண்டும். முதல் நாள் அந்த வெறுமையைப் பார்த்து, ஊரடங்கு போட்டிருக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

என்னை வீட்டில் வைத்திருந்தவள் ரூத். எழுபது வயது. வேலிக் கம்பியை வளைத்து ஆளுயரச் சிலைகள் செய்கிறவள். அதிகம் பேசமாட்டாள். அடுத்த நாள் உன் படங்கள் தொங்கப்போகிற இடத்தைக் காட்ட என்னை ஊருக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனாள். நீளம் நீளமாகத் தகரக் கூரைக் கொட்டகைகள். சுற்றிவரக் கம்பியில்லாத வேலித் தூண்கள். வாசலில் காவல்கூண்டு.

அது ஒரு பழைய இராணுவ முகாம். படைகள் போன பிறகு பாழாய்க் கிடந்ததை ஓவியர்கள் எடுத்திருக்கிறார்கள்.

என் கை தானாகக் கைப்பைக்குள் போய் அடையாள அட்டையைத் தேடியது. காவல்கூண்டில் ஒரு குருவிக்கூடுதான் இருந்தது. ரூத், "என்ன தேடுகிறாய்?" என்றாள். "கைக்குட்டை" என்று எதையோ சொல்லிச் சமாளித்தேன். உள்ளே வெள்ளைச் சுவர். உயரத்து ஜன்னல்களால் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. பாயை அவிழ்த்து உன் வாவியை ஒவ்வொன்றாக நிலத்தில் விரித்தோம். மண்ணெண்ணெய் மணம் எழும்பியது. அந்த நேரம் நீ எந்த வாசலில் நிற்கிறாய் என்று நினைத்தேன். நேரத்தைக் கணக்குப் பார்த்தேன். உன்னிடம் அப்போது விடியவில்லை. நித்திரையாய் இருப்பாய் என்று நினைத்து ஆறுதல்பட்டேன்.

மூன்றாவது கிழமை உன் முதல் கடிதம் வந்தது. அதன் முதல் வரி, "அண்ணன் வந்திட்டார்."

நான் ரூத்தின் முற்றத்தில் நின்று சத்தமாக அழுதேன். அவள் ஓடிவந்து என்னவென்று கேட்டாள். சொன்னதும் அவளும் அழுதாள். நீ விபரமாக எழுதியிருந்தாய். மெலிந்துபோய் வந்திருக்கிறார், நேரத்துக்கு நேரம் சமைத்துக் கொடுக்க வேண்டும், அம்மா தனியாகச் சமாளிக்கமாட்டார், அதனால் இப்போது வர முடியாது. "நீ எனக்குமாச் சேத்துப் பாத்திட்டு வா."

நம்பினேன். நீ பொய் சொல்லி நான் அறிந்ததில்லை.

அதற்குப் பிறகு நான் நித்திரை கொண்டேன், சிநேகிதி. எப்படிச் சொல்வது? ஒரு வெடிச்சத்தம் இல்லை. நாய் குரைத்தால் யார் வருகிறார்கள் என்று மூச்சைப் பிடித்துக் கேட்க வேண்டியதில்லை. உடுத்த உடுப்போடு படுக்க வேண்டியதில்லை. படுத்தால் வெயில் முகத்தில் அடித்துத்தான் எழும்புவேன். ஒரு மாதத்தில் என் கன்னம் உப்பியது. ரூத் என்னைக் கண்ணாடிக்கு முன்னால் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள்.

உன் படங்களைப் பார்க்க வந்தவர்களில் ஒருத்தியை மட்டும் மறக்க முடியவில்லை. மாட்டுப் பண்ணை வைத்திருந்தவள், விதவை. அந்தப் பக்கம் இரண்டு வருடமாக மழை இல்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி மாரி வாவிக்கு முன்னால் வெகு நேரம் நின்றாள்.

"இது எவ்வளவு ஆழம்?" என்று கேட்டாள்.

"எங்கள் பக்கத்தில் இடுப்பளவு. நடந்தே போகலாம்."

"நடந்து எங்கே போவீர்கள்?"

"மறுகரைக்கு. அங்கே வயல்கள் இருக்கின்றன."

"இப்போதும் போகிறீர்களா?"

ஓம் என்று பொய் சொன்னேன். போர் வந்தபின் அப்படி யாரும் நடப்பதில்லை. அவள் மறுநாளும் வந்தாள். அடுத்த கிழமை தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நீ சொன்னபடி நான் ஒன்றும் விளக்கவில்லை. அவர்களாகவே பார்த்தார்கள்.

விளக்கம் சொல்லவும் ஒருவர் வந்தார். பட்டணத்திலிருந்து வந்த ஓவியர். உன் தண்ணீருக்கு அடியில் மாச் சாக்கின் அச்செழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன அல்லவா, அதைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். நீருக்கடியில் பசி புதைந்திருக்கிறதாம். அதை உனக்கு எழுதினேன். நீ பதில் போட்டாய்: "வெள்ளைப் பெயின்ற் போதாமப் போச்சு, அதால எழுத்து மறையல்ல. அவ்வளவுதான். அந்த மனிசனுக்குச் சொல்லிராத, பாவம்." அதை வாசித்துவிட்டு நானும் ரூத்தும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவருக்குச் சொல்லவில்லை. அவர் சொன்னது சரியோ என்று இப்போது சில நேரம் நினைக்கிறேன்.

இரண்டு மாதம் முடிகிற நேரத்தில் ரூத் ஒரு யோசனை சொன்னாள். வசந்தத்தில் அங்கே ஒரு கூட்டம் கூடும், பல ஊர்களிலிருந்தும் ஆட்கள் வருவார்கள், அதுவரை நின்றால் உன் படங்களை எல்லோரும் காண்பார்கள். இன்னும் மூன்று மாதம். விசாவை நீட்ட அவள் உதவுவாள். நான் உன்னிடம் கேட்டு எழுதினேன். ஆசையை மறைத்து, உன் படங்களுக்காகவே நிற்கப்போகிறவள் மாதிரி எழுதினேன். நீ அதைக் கண்டுபிடித்திருப்பாய். "நில்லு கா. இஞ்ச ஒண்டும் ஓடிப்போகல்ல. பாடசாலையில உன்ட லீவை நான் கதைச்சிக்கிறன். எல்லாரும் நல்லா இரிக்கம்" என்று சுறுக்காகப் பதில் வந்தது.

பழைய முகாமைப் பற்றி அதுவரை நான் உனக்கு எழுதவில்லை. ஏனோ பயமாக இருந்தது. அண்ணன் வந்துவிட்டார்தானே என்று தைரியம் வந்து எழுதினேன். உன் வாவி தொங்குகிற சுவர் ஒரு காலத்தில் சிப்பாய்கள் படுத்த கொட்டகை என்று எழுதினேன். அதற்கு வந்த பதில்தான் உன் கடைசிக் கடிதம். அந்த வரிகளை நான் பார்க்காமலே எழுதுவேன்:

"முகாமை அப்படிச் செய்யலாம் எண்டா, எங்கட முகாமிலயும் ஒரு நாளைக்குப் படம் தொங்கவிடுவம். எந்தச் சுவர் நல்லது எண்டு நான் பாத்து வைக்கிறன்."

நல்ல பகிடி என்று நினைத்தேன். ரூத்துக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உன் சிநேகிதி இப்போது எங்கே இருக்கிறாள்?" என்று கேட்டாள். "வீட்டில்" என்றேன். கேள்வி எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

அன்றே உட்கார்ந்து பதில் எழுதினேன். "மேற்குப் பார்த்த சுவரை எடுக்காதே, பின்னேர வெயில் நிறத்தைத் தின்றுவிடும். உயரத்தில் ஜன்னல் இருக்கிற சுவராகப் பார்" என்று எழுதினேன். பெரிய ஓவியக்காரி மாதிரி. அந்தக் கடிதத்தைத் தபாற்பெட்டியில் போட்டுவிட்டு, வெயிலில் கோப்பிக் கடை வரை நடந்துபோய் இனிப்பு அப்பம் ஒன்று தின்றேன். அப்போது நீ இல்லாமல் போய்ப் பதினேழு நாள்.

மூன்று கிழமையில் கூட்டம் முடிந்து ஊருக்கு வந்தேன். அந்த ஊர் ஓவியர்கள் ஆளுக்கு இரண்டு மூன்றாகச் சேர்த்து உனக்கு ஒரு பெட்டி நிறைய எண்ணெய் நிறங்களும் தூரிகைகளும் தந்திருந்தார்கள். ஒவ்வொரு சாவடியிலும் அந்தக் குழாய்களை அமுக்கிப் பார்த்தார்கள். ஒரு நீலம் வெடித்து என் சேலையெல்லாம் ஆனது. என் வீட்டுக்குப் போகாமல் நேரே உன்னிடம் வந்தேன். பின்னேரம் நான்கு மணி இருக்கும். உன் அம்மா கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பவில்லை. என் சேலையில் இருந்த நீலத்தையே பார்த்தார்.

"எங்கம்மா அவள்?" என்றேன். "அண்ணன் எங்க?"

"சாப்பிட்டியா மகள்?"

"பஸ்ஸில சாப்பிட்டன். எங்கம்மா?"

"அவன் வரல்ல புள்ள" என்றார். "அவன் வரவேயில்ல. அவள் போயிட்டாள்."

அண்ணன் வரவேயில்லை. ஒரு நாளும் வரவில்லை. உயிரோடு இருந்த நாளெல்லாம் நீ பாடசாலை விட்டதும் முகாம் வாசலுக்குப் போயிருக்கிறாய். வாசலுக்கு எதிரே மதிலோரம் மற்றப் பெண்களோடு நின்று, இருட்டுப்படும்போது திரும்பி வந்திருக்கிறாய். எந்தச் சுவர் என்று பார்த்து வைப்பதற்கு உனக்கு நேரம் நிறைய இருந்திருக்கிறது.

பிறகு யாரோ வந்து சொன்னார்களாம், உன்னிச்சைப் பக்கம் ஒரு முகாமில் சைக்கிள் திருத்தத் தெரிந்த ஒருவரை வைத்திருக்கிறார்கள் என்று. நீ வாவியைத் தாண்டிப் படுவான்கரைக்குப் போய், வயலுக்கு ஆட்களை ஏற்றிப் போன உழவு இயந்திரப் பெட்டியில் ஏறியிருக்கிறாய். உன்னிச்சைக் குளத்துக்குப் போகிற றோட்டில் கண்ணிவெடி. யார் வைத்தது என்று அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. ஐந்து பேர் போனீர்கள். அந்தச் சைக்கிள்காரர் வேறு யாரோ. அதையும் பிறகு விசாரித்து அறிந்தேன்.

"ஏனம்மா எனக்கு அறிவிக்கல்ல?" என்று கத்தினேன். அந்த முதியவளிடம் கத்தினேன்.

அவர் கத்தவில்லை. "அவள்தான் சொல்லி வைச்சவள். என்ன நடந்தாலும் செல்விக்கு எழுதப்படாது, அவள் முடிச்சிட்டு வரட்டும் எண்டு. முகாமால வந்து காலும் கழுவாம இருந்து உனக்குக் கடுதாசி எழுதுவாள். எழுதி எழுதிச் சிரிப்பாள். என்னத்துக்கடி சிரிக்கிற எண்டு கேட்டன். 'உண்மையை எழுதினா அவள் அடுத்த பிளேனில வந்திருவாள் அம்மா. இப்பதான் நித்திரை கொள்ளுறாளாம்' எண்டாள்."

பிறகு உள்ளே போய் என் பதிலைக் கொண்டுவந்து தந்தார். உறை பிரிக்கப்படவில்லை. "உன்ட கடுதாசி. நான் வாசிக்கல்ல" என்றார்.

எனக்கு ஒரு கேள்விதான். நான் அடுத்த விமானத்தில் வந்திருப்பேனா? உனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எனக்கு இருக்கிறது. அந்தச் சுவர் வரியை வாசித்தபோது ரூத்துக்குப் புரிந்தது எனக்கு ஏன் புரியவில்லை? அவள் உன்னைக் கண்டதுமில்லை. எனக்கு உன் எழுத்துத் தெரியும், குரல் தெரியும், பகிடி விடும்போது எந்தப் பக்கம் வாய் கோணும் என்று தெரியும். புரிந்துகொள்ள நான் விரும்பவில்லை. விரும்பியிருந்தால் எழும்ப வேண்டி வந்திருக்கும்.

உன் அம்மா பின்னும் ஒன்பது வருடம் இருந்தார். கடைசிக் காலத்தில் என்னை நீ என்று நினைத்துக்கொண்டு, "அண்ணனுக்குச் சோறு போட்டு மூடி வைச்சியா?" என்று கேட்பார். வைத்தேன் என்பேன். நிறப் பெட்டியைப் பாடசாலையில் சித்திரம் படிப்பிக்க வந்தவரிடம் கொடுத்துவிட்டேன். படங்கள் அந்த ஊரிலேயே நின்றுவிட்டன. ரூத் இருந்தவரை வருடத்துக்கொரு கடிதம் போடுவாள். மாரி வாவியை அந்த விதவைக்கே கொடுத்துவிட்டதாக ஒருமுறை எழுதினாள். சரி என்று பதில் போட்டேன். நீ ஓம் என்றிருப்பாய்.

போன மாதம் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

கலா என்று ஒருத்தி. நம் இருவரிடமும் படித்தவள் இல்லை, உனக்குப் பிறகு என்னிடம் படிக்க வந்தவள். இப்போது பனிச்சங்கேணியில் படிப்பிக்கிறாள். அவளுடைய கணவன் கடலுக்குப் போய் வராமல் மூன்று மாதம். நான் இரண்டு நாளைக்கொருமுறை தொலைபேசியில் பேசுவேன். போன மாதம் ஒரு நாள் பேசும்போது நல்ல உற்சாகமாக இருந்தாள். பிள்ளைகள் செய்த குழப்படியைச் சொல்லிச் சிரித்தாள். "நான் நல்லா இரிக்கன் டீச்சர். நீங்க இந்த வயசில அலையாதீங்க, வர வேணாம்" என்றாள்.

தொலைபேசியை வைத்துவிட்டு, உடுப்பை மாற்றி, அந்தப் பக்கம் போகிற வாகரை பஸ்ஸில் ஏறினேன். முழங்கால் வலியில் உயிர் போனது. போய்ச் சேர மத்தியானம் திரும்பிவிட்டது. கதவு சாத்தியிருந்தது. தட்டத் தட்டத் திறக்கவில்லை. பின்பக்கத்தால் போனேன். குசினி நிலத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை வாரி எத்தனை நாளோ. அடுப்பில் சாம்பல் குளிர்ந்து கிடந்தது.

என்னைப் பார்த்ததும் கோபம்தான் வந்தது அவளுக்கு. "ஏன் டீச்சர் வந்த நீங்க? நான் நல்லா இரிக்கன் எண்டு சொன்னன்தானே?"

"ஓம் புள்ள" என்றேன். "அதான் வந்தன்."